சிறை: அடைப்பும் அரணும் – குறள் 57, 569 ஆகியவற்றை முன்வைத்து

முன்னுரை

இன்றைய வழக்கில் ‘சிறை’ என்பது குற்றவாளியை அடைத்து வைக்கும் இடத்தையே முதன்மையாகக் குறிக்கிறது. பழைய நூல்களிலோ சிறகு, பக்கம், அணை, அரண், காவல் எனப் பல பொருள்களில் இச்சொல் பயின்றுள்ளது. அவற்றுள் அடைபடுதல் என்னும் பொருள் எங்கே, யாரை நோக்கி எழுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சிறையும் செறிப்பும்

குறுந்தொகை இரண்டாம் பாடலில் சிறை என்பது தும்பியின் சிறகு. தொல்காப்பியப் புறத்திணையியலின் வஞ்சித் துறைகளுள் ஒன்று, பகைப்படையைத் தனியொருவனாகத் தாங்கி நிற்கும் வீரனை, விரைந்து வரும் வெள்ளத்தைத் தடுக்கும் கற்சிறைக்கு ஒப்பிடுகிறது. அவன் சிறைப்பட்டவன் அல்லன், அவனே சிறை. அகப்பாடல்களின் கூற்றுக் குறிப்புகளில் வரும் ‘சிறைப்புறம்’ தலைவன் வந்து நிற்கும் வேலிப்புறத்தைக் குறிக்கிறது. வீட்டினுள் தடுத்து வைக்கப்பட்ட தலைவியின் நிலைக்கு அகமரபு வழங்கிய பெயர் ‘இற்செறிப்பு’.

புறநானூறு 74ஆம் பாடலும் கருதத்தக்கது. சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான் என்பது பாடலின் கீழுள்ள குறிப்புத் தரும் செய்தி. பாடலுக்குள் சிறை என்னும் சொல் இல்லை; சங்கிலியால் பிணிக்கப்பட்ட நாயே உவமையாக நிற்கிறது. மணிமேகலையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாற்றப்படும்போது, அடைப்பிடம் என்னும் பொருள் ஐயத்துக்கு இடமின்றி வெளிப்படுகிறது.

குறளில் சிறை

திருக்குறள் 499, 569 ஆகிய இரண்டிலும் சிறை அரணைக் குறிக்கிறது. அரண் செய்துகொள்ளாத வேந்தன் போர் வந்தபோது அஞ்சி அழிவான் என்பது 569இன் கருத்து. 57ஆம் குறளில் மகளிரைச் சிறையால் காக்கும் காவல் பயனற்றது எனப்படுகிறது. இங்குப் பரிமேலழகர் மதில், வாயிற்காவல் முதலியவற்றையே சிறை எனக் கொள்கிறார். ஆகவே, இரு குறள்களிலும் பேசப்படும் பொருள் ஏறத்தாழ ஒன்றே. வேறுபடுவது உறவு: வேந்தன் தனக்குத் தானே சிறை செய்துகொள்கிறான், மகளிருக்கு அதைப் பிறர் செய்கின்றனர். முன்னது இல்லாமை கேடு. பின்னது இருந்தும் பயனில்லை.

57ஆம் குறளின் சிறையைத் தண்டனைக்கூடமாக மட்டும் கொண்டால், கொடுமையான அடைப்பை மறுக்கும் குரலாக அது எளிதில் நின்றுவிடும். மதில் என்று கொள்ளும்போதோ, பாதுகாப்பு என்ற பெயரில் எழுப்பப்படும் காவலையே வள்ளுவர் மறுப்பது புலனாகும். எனினும், அவர் காவலை முற்றிலும் நீக்கிவிடவில்லை. மதிலின் இடத்தில் ‘நிறை’யை வைத்து, காக்கும் பொறுப்பைப் பெண்ணின் உள்ளத்துக்கே மாற்றுகிறார். மறுப்பைப் போற்றும் திறனாய்வு இம்மாற்றத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

முடிவுரை

சிறை என்னும் சொல் தன்னளவில் அடிமைத்தனத்தையோ பாதுகாப்பையோ குறிப்பதில்லை. எல்லையை எழுப்புபவர் யார், அதனுள் இருப்பவர் யார் என்னும் வினாக்களே அதன் பொருளை உறுதி செய்கின்றன. அகராதிப் பொருள்களை வரிசைப்படுத்துவதோடு நில்லாமல், இவ்வினாக்களை ஒவ்வோர் ஆட்சியிலும் எழுப்பிப் பார்ப்பதே பொருத்தமான வாசிப்பாகும்.