மணலில் ஒரு பாடத்திட்டம்

சிகாகோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் ஹென்றி சாண்ட்லர் கோல்ஸின் (1869–1939) பெயரைப் பாடநூல்கள், ஓரிடத்தில் ஒரு தாவரக் கூட்டத்துக்குப் பின் இன்னொன்று வரும் தாவர வழிமுறை வளர்ச்சி பற்றிய பாடத்தில் ஒரு வரியில் சொல்லி முடித்துக்கொள்கின்றன. ஆய்வாளர் கோல்ஸுக்கு அது போதலாம். ஆசிரியர் கோல்ஸுக்குப் போதாது. எதை எந்த வரிசையில் கண்முன் கொண்டுவருவது என்பதுதான் ஆசிரியத் தொழிலின் கலை என்றால், அந்தக் கலையில் அவருக்கு ஈடு சொல்ல அதிகம் பேர் இல்லை. அவர் தேர்ந்துகொண்ட இடம் மிச்சிகன் ஏரியின் தென்கரையில் இருக்கும் இண்டியானா மணற்குன்றுகள். பனியுகம் முடிந்தபின் அந்த ஏரியின் நீர்மட்டம் கட்டங்கட்டமாக இறங்கியது. நீர் விட்டுப்போன கரைகளில் புதிய குன்றுகள் எழுந்தன. அதனால் நீர்விளிம்பிலிருந்து உள்ளே போகப் போக மணலுக்கு வயது கூடும். கோல்ஸ் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனது இந்தத் திசையில்தான்.

முதலில் அலை தொடும் வெற்று மணல். சற்று மேலே, கோடையில் முளைத்துக் குளிர்காலப் புயலில் அழிந்துபோகும் சிறு செடிகள். அடுத்து மாரம் புல். மேலே மணல் விழ விழ, மண்ணுக்குள் ஓடும் தண்டை உயர்த்திக்கொண்டே அது எழும். காற்றில் வரும் மணலைத் தடுத்துத் தன் காலடியிலேயே மேட்டை வளர்க்கும். வேடிக்கை என்னவென்றால், மணல் வரத்து நின்றதும் அந்தப் புல் நலிந்துவிடும்; தான் கட்டிய மேடு அடங்கியதும் தனக்கு அங்கே வாழ்வில்லை. காட்டன்வுட் மரமும் புதையப் புதையத் தண்டிலிருந்து புது வேர் விட்டுத் தாக்குப்பிடிக்கும். மணல் அமர்ந்த இடத்தில் ஜாக் பைன், அதையும் கடந்தால் கருப்பு ஓக் காடு, ஈரமும் மறைப்பும் உள்ள ஒதுக்கங்களில் பீச்சும் மேப்பிளும். இதைச் செடிப் பட்டியலாகவும் ஒப்பித்திருக்கலாம். பல தாவரவியலாளர்கள் அதைத்தான் செய்தார்கள். கோல்ஸ் காட்டியது செடிக்கும் காற்றுக்கும் நடக்கும் இழுபறியை. நின்றுவிட்ட குன்றில் எங்காவது ஒரு கீறல் விழுந்தால் காற்று மறுபடி தோண்டத் தொடங்கும். கிளம்பிய மணல் பக்கத்தில் வளர்ந்து நிற்கும் காட்டையே மூடும். 1899இல் ‘பொட்டானிக்கல் கெசட்’ இதழில் நான்கு பகுதிகளாக வந்த அவருடைய ஆய்வில், முன்னேற்றத்தைப் போலவே இந்தப் பின்னடைவும் பேசப்படுகிறது. அந்த ஆய்வின் அழகு அங்கேதான் என்பேன்.

இதில் அவருடைய சரக்கு எவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. டென்மார்க்கின் யூஜீனியஸ் வார்மிங் தாவரக் கூட்டங்கள் பற்றிய நூலை 1895இலேயே வெளியிட்டுவிட்டார். கோல்ஸ் அதற்குக் கடன்பட்டவர். ஆனால் கோல்ஸ் சிகாகோவுக்கு வந்தது நிலவியல் படிக்க. நிலம் அசையும் என்று பழகிய கண்ணோடு செடிகளைப் பார்த்ததால், அவருக்குக் காட்டின் முடிவுநிலைகூட நிலையானதாகத் தெரியவில்லை: இலக்கை நோக்கிக் காடு நகரும்போதே இலக்கும் நகர்கிறது என்றார். ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் தாவரக் கூட்டத்தை ஓர் உயிரி போல வளர்ந்து முதிர்வதாகக் கட்டமைத்த கோட்பாட்டின் பக்கத்தில் வைத்தால், கோல்ஸின் தயக்கம் இன்று கூடுதல் முதிர்ச்சியாகத் தெரிகிறது. குறைவாக எழுதினார் என்பது இன்னொரு குறை. உண்மைதான். ஆனால் எழுத்தில் விட்டதை மாணவர்களில் வைத்தார். விக்டர் ஷெல்ஃபோர்ட் அதே குன்றுகளில் புலி வண்டுகளைத் தேடி, தாவரக் கட்டத்துக்கேற்ப வண்டு இனமும் மாறுவதைக் கண்டார். செடிக்குச் சொன்ன பாடம் பூச்சிக்கும் பொருந்தியது என்றால், மாணவர் கற்றது தகவலை அல்ல, பார்க்கும் முறையை.

கடுமையான மறுப்பு அந்த முறையைப் பற்றியதுதான். பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை என்று எடுத்துக்கொள்வது சரியா? இன்று ஓக் நிற்கும் குன்று ஒருநாள் மேப்பிள் காடாகும் என்பதற்கு என்ன சாட்சி? 1958இல் ஜெரி ஓல்சன், அதே ‘பொட்டானிக்கல் கெசட்’ இதழில், அதே குன்றுகளின் மண்ணை ஆராய்ந்து பதில் எழுதினார். பழைய மணலில் சுண்ணாம்புச் சத்து மழையில் கரைந்து இறங்கிவிடுகிறது, மண் புளிக்கிறது, கருப்பு ஓக்கின் சருகும் அந்த ஏழ்மையைப் போக்குவதில்லை. பீச்சும் மேப்பிளும் அங்கே வருவது அரிது. அவற்றுக்கு வேறு தொடக்கம், வேறு இடம் வேண்டும். நடையின் கடைசிக் கட்டம், ஆக, முந்தைய கட்டத்தின் தொடர்ச்சி அல்ல. இதை மறுக்க வழியில்லை, மறுக்கவும் வேண்டாம். ஓல்சன் திருத்தியது கோல்ஸ் போட்ட கேள்வியை, கோல்ஸ் தேர்ந்த களத்திலேயே. அதற்கும் முன்பே, கோல்ஸின் மாணவர் வில்லியம் கூப்பர் அந்த முறையின் பலவீனத்துக்கு நேரான மருந்தைத் தொடங்கிவிட்டார். அலாஸ்காவின் கிளேசியர் பே பகுதியில், பனிப்பாறை பின்வாங்கிய வெறுந்தரையில் 1916இல் சிறு சதுரங்களை அளந்து குறித்தார். இடத்தைக் காலமாக ஊகிக்காமல், ஒரே இடத்தில் காலம் கடப்பதைப் பார்க்க ஏற்பாடு செய்தார். நூறாண்டு கழித்து ஆய்வாளர்கள் அந்தச் சதுரங்களைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடி அளந்தார்கள். வில்லோ புதர் முதலிலேயே வந்து ஆதிக்கம் பிடித்துக்கொண்ட சதுரங்களில், பாடநூல் வரிசைப்படி அடுத்து வர வேண்டிய ஸ்புரூஸ் மரம் இன்னும் காலூன்றவில்லை.