பலகை நகராத வகுப்பறை

2025 ஜூலையில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை, வகுப்பறை இருக்கைகளை ‘ப’ வடிவில் அமைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. அதற்குச் சற்று முன்புதான் ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்ற மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேரளப் பள்ளிகள் சில அப்படி மாற்றியிருந்தன. கடைசி பெஞ்சு என்று ஒன்று இருக்கவே கூடாது என்பது அந்தப் படம் கொடுத்த உந்துதல். இங்கே சுற்றறிக்கை வந்ததும் பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கும், பார்வை கெடும் என்று ஒரு தரப்பு எதிர்த்தது. சமத்துவம் வந்துவிட்டது என்று இன்னொரு தரப்பு கொண்டாடியது. வகுப்பறையை அளந்து பார்த்துவிட்டுப் பேசியவர்கள் குறைவு.

முதலில் ‘ப’ வடிவத்துக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும். வரிசை இருக்கையின் மீதுள்ள குற்றச்சாட்டு உண்மையானது. ஆடம்ஸ், பிடில் என்ற இருவர் வகுப்புகளை வீடியோவில் பதிவுசெய்து ஆராய்ந்து 1970இல் எழுதினார்கள். ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடக்கும் பேச்சில் பெரும்பகுதி, முன்வரிசையிலும் நடுவிலும் இருப்பவர்களோடு முடிந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. பின்மூலையில் இருக்கும் பிள்ளை பாடத்தை வேடிக்கை பார்க்கிறது. நம் ஊரில் அந்தப் பின்மூலை யாருக்கு ஒதுக்கப்பட்டது என்று சொல்ல ஆய்வே வேண்டாம். உயரத்தால் சிலர், மதிப்பெண்ணால் சிலர், சாதியால் பலர் அங்கே உட்காரவைக்கப்பட்டார்கள். இதை ஒழிக்க நினைப்பவர்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

அரைவட்ட இருக்கைக்கு ஆதாரமும் இருக்கிறது. ஜெர்மனியில் நான்காம் வகுப்பு ஒன்றில் வரிசையையும் அரைவட்டத்தையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். அரைவட்டத்தில் உட்கார்ந்தபோது பிள்ளைகள் அதிகக் கேள்விகள் கேட்டார்கள் என்று 1999இல் வெளிவந்த அந்த ஆய்வு சொல்கிறது. பேசுகிறவரின் முகம் எல்லாருக்கும் தெரிவதால், காது மந்தமான பிள்ளை உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியும். நடுவில் இடம் காலியாக இருப்பதால் ஆசிரியர் எந்த நோட்டுப் புத்தகத்தையும் சில எட்டுகளில் போய்ப் பார்த்துவிடலாம். சக்கர நாற்காலியும் தடையில்லாமல் போகும். இவையெல்லாம் சிறிய நன்மைகள் இல்லை.

ஆனால் வன்னார்கா, ரூல் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் இருக்கை அமைப்பு பற்றிய எட்டு ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. தனியாக உட்கார்ந்து செய்யும் வேலைக்கு வரிசைதான் உதவுகிறது. எளிதில் கவனம் சிதறும் பிள்ளைகளுக்கு அதன் பயன் இன்னும் அதிகம். கலந்து பேச வேண்டிய வேலைக்கு ஒருவரை ஒருவர் பார்க்கும் அமைப்பு நல்லது. செய்யப்போகும் வேலையைப் பார்த்துத்தான் இருக்கையைத் தீர்மானிக்க வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் முடிவு. கணக்குப் போடும் பீரியடுக்கும் கதை பேசும் பீரியடுக்கும் ஒரே வடிவம் பொருந்தாது, அந்த வடிவம் எதுவானாலும் சரி.

இனி அளவுக்கு வருவோம். நம் அரசுப் பள்ளிகளில் பரவலாகக் காணும் 20 அடிக்கு 20 அடி அறையை எடுத்துக்கொள்வோம். பலகைக்கு முன்னால் ஆசிரியர் நிற்கவும் நடக்கவும் இடம் விட்டு, மூலைகளில் வீணாகும் இடத்தையும் வாசலையும் கழித்து, பிள்ளைக்கு ஒன்றரை அடி என்று வைத்தால் மூன்று சுவரோரமும் சேர்த்து ஏறக்குறைய 25 பேர் உட்காரலாம். அலமாரி ஒன்று இருந்தால் அதிலும் இருவர் குறைவார்கள். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. சட்டப்படி நிறைந்த வகுப்பில்கூட இந்தப் ‘ப’ பத்துப் பேரை வெளியே விட்டுவிடுகிறது. அவர்களுக்காக உள்ளே இரண்டாவது ‘ப’ போட்டால், வெளி வரிசையில் இருப்பவர்கள் மறுபடியும் அடுத்தவர் முதுகைப் பார்ப்பார்கள். கடைசி பெஞ்சு ஒழிந்திருக்காது. பின்சுவரிலிருந்து மூன்று சுவர்களுக்கும் பரவியிருக்கும்.

கழுத்து வலி பற்றிய பேச்சையும் இதே அறையில் சோதிக்கலாம். பக்கச் சுவரோரம் உட்காரும் பிள்ளை எதிர்ச்சுவரைப் பார்த்து இருக்கிறது. பலகையின் நடுப்புள்ளி, அது பார்க்கும் திசையில் 8 அடி தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். பலகைக்கு 5 அடி தூரத்தில் இருக்கும் பிள்ளை ஏறக்குறைய 30 டிகிரி திரும்பினால் போதும். ஆனால் அது பலகையைச் சாய்வாகப் பார்ப்பதால், எழுத்துகளின் அகலம் பாதியாகச் சுருங்கித் தெரியும். 14 அடி தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு எழுத்து ஒழுங்காகத் தெரியும். ஆனால் அது 60 டிகிரி திரும்பியபடியே இருக்க வேண்டும். திரும்பும் கோணமும் பார்க்கும் சாய்வும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. கழுத்துக்கு வசதியான இடத்தில் கண் சிரமப்படும், கண்ணுக்கு வசதியான இடத்தில் கழுத்து சிரமப்படும். ஐந்து நிமிடக் கலந்துரையாடலுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. நாள் முழுதும் பலகையைப் பார்த்து எழுதும் வகுப்பில் இது உண்மையான தொந்தரவு. எதிர்த்தவர்கள் அச்சத்தை ஊதிப் பெரிதாக்கினார்கள் என்றாலும் அவர்கள் சொன்னதில் சாரம் இருக்கிறது.

வெப்பத்தைப் பற்றி இரு தரப்பும் பேசவில்லை. மின்விசிறிகள் அறையின் நடுப்பகுதிக்குக் காற்று வீசும்படி மாட்டப்பட்டவை. ‘ப’ வடிவம் பிள்ளைகளை அங்கிருந்து கிளப்பி, மேற்கு வெயில் பட்டுச் சூடேறிய சுவரோரத்துக்கும் வெயில் அடிக்கும் சன்னலோரத்துக்கும் அனுப்புகிறது. காற்று காலி இடத்தில் சுழலும். அமெரிக்காவில் 2020இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில் கல்வியாண்டின் சராசரி வெப்பம் ஒரு பாரன்ஹீட் டிகிரி கூடினால் அந்த ஆண்டின் கற்றல் ஏறக்குறைய ஒரு விழுக்காடு குறைவதாகக் கண்டார்கள். மார்ச்சிலும் ஜூனிலும் நம் வகுப்பறைகள் என்ன இழக்கின்றன என்பதை இதை வைத்து யோசிக்கலாம்.

அடுத்தது ஓசை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த பிறகு ஓலைக்கூரைகள் அகற்றப்பட்டன. செய்தே ஆக வேண்டிய காரியம் அது. அந்த இடத்துக்கு வந்த கான்கிரீட் தளமும் சிமென்ட் பூச்சும் பாதுகாப்பைத் தந்தன, கூடவே எதிரொலியையும் தந்தன. நாம் எடுத்துக்கொண்ட அறையில் பிள்ளைகள் அமர்ந்து, சன்னல்கள் திறந்திருக்கும்போதும், ஸபீன் சூத்திரப்படி கணக்கிட்டால் ஓசை அடங்க ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அமெரிக்கத் தரநிர்ணயம் இந்த அளவு வகுப்பறைக்கு 0.6 விநாடி என்று வரம்பு வைத்திருக்கிறது. பிள்ளைகளைக் கூடிப் பேச வைக்கும் எந்த இருக்கை முறையும் இந்த எதிரொலிக்குள்தான் நடக்க வேண்டும். 1960களிலும் 70களிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சுவரே இல்லாத திறந்த பள்ளிகள் கட்டினார்கள். நோக்கம் உயர்வானது. பக்கத்து வகுப்பின் சத்தத்தைத் தாங்க முடியாமல் பல பள்ளிகள் பின்னாளில் தடுப்புகளை எழுப்பிக்கொண்டன. அறையின் வடிவத்தை மாற்றியவர்கள் காதை மறந்துவிட்டார்கள்.

இவ்வளவும் சரிசெய்யக் கூடியவை என்று ஒருவர் வாதிடலாம். அறையைப் பெரிதாக்கலாம், விசிறியை இடம் மாற்றலாம். என் முதன்மையான ஆட்சேபம் அவற்றில் இல்லை. ‘ப’ இருக்கை பிள்ளைகளை நகர்த்துகிறது. பலகையை அதே முன்சுவரில் விட்டுவிடுகிறது. அறிவு ஒரே சுவரில், ஒரே ஆளின் கையிலுள்ள சாக்பீஸிலிருந்து வருகிறது என்ற ஏற்பாடு அப்படியே இருக்கிறது. கழுத்து திரும்புவதும் எழுத்து சுருங்குவதும் இந்த ஒரு பிழையின் விளைவுகள்தான்.

பலகையை நகர்த்திக் காட்டிய வகுப்பறை தமிழ்நாட்டிலேயே இருந்தது. ரிஷி வேலிப் பள்ளியின் கிராமக் கல்வி மையம் உருவாக்கிய அட்டை முறையைப் பார்த்துவிட்டு, 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். பிறகு அது மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும், 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் ஒன்று முதல் நான்கு வரையிலான வகுப்புகளுக்கும் விரிந்தது. அந்த அறையில் பெஞ்சு இல்லை. தரையில் பாய் விரித்து, குழுவாகவோ தனியாகவோ பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். சுவரின் கீழ்ப்பகுதி முழுக்க, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை ஓடியது. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கென்று ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி, அவர்கள் வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிட்டார்கள். கற்றல் ஏணியில் தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பார்த்துப் பிள்ளையே அட்டையை எடுத்து வந்து, அந்த அட்டையின் சின்னம் காட்டும் குழுவில் போய் உட்காரும். ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார்.

இங்கே முன்பக்கம் என்று ஒன்று இல்லை. அதனால் கடைசி பெஞ்சுக்கும் வழியில்லை. எந்த இருக்கை வடிவத்தையும் உத்தரவிடாமலே ‘ப’ சுற்றறிக்கை விரும்பியது அங்கே கிடைத்துவிட்டது. ஈராசிரியர் பள்ளிகளுக்கு இது உயிர்நாடி. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதே சட்டத்தின் அளவு. அப்படியானால் ஐந்து வகுப்புகள் இரண்டு அறைகளில் கலந்துதான் உட்காரும். மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கும் அறையில் ஒற்றைப் ‘ப’வை வைத்து என்ன செய்வது? 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. அதற்கும் காலியான தரையும் பல பலகைகளும்தான் வேண்டும்.

செயல்வழிக் கற்றலைக் குறையற்றது என்று சொல்ல மாட்டேன். 13 பள்ளிகளில் நெருங்கிய கவனிப்போடு பழுத்த முறை, சில ஆண்டுகளுக்குள் மாநிலம் முழுவதற்குமான ஆணையாகிவிட்டது. அட்டைகளின் வரிசைக்கு வெளியே ஆசிரியருக்குச் சுதந்திரம் குறைவு. எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் பேசும் அறையில் எதிரொலி இன்னும் கொடியது. பந்தலும் சுவரும் நிறைந்த காட்சிப்பொருள்கள்கூடக் கேள்விக்குரியவை: 2014இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வில், அலங்காரம் நிறைந்த அறையில் மழலையர் வகுப்புக் குழந்தைகள் அதிகம் கவனம் சிதறினார்கள், குறைவாகக் கற்றார்கள். தரையில் குனிந்து நீண்ட நேரம் எழுதுவது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொருந்தாது. ஆனாலும் அறையையும் கற்பிக்கும் முறையையும் ஒன்றாக யோசித்து அமைத்த ஏற்பாடு அது. ‘ப’ சுற்றறிக்கை அறையை மட்டும், அதிலும் பெஞ்சை மட்டும் யோசித்தது.

வயதைப் பற்றிய குறிப்பு ஒன்று இங்கே அவசியம். இங்கிலாந்தின் சால்ஃபர்ட் பல்கலைக்கழகம் 27 பள்ளிகளில் 153 வகுப்பறைகளையும் 3,766 மாணவர்களையும் ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டது. ஓராண்டில் மாணவர்களின் கற்றல் முன்னேற்றத்தில் காணும் வேறுபாட்டில் 16 விழுக்காட்டை வகுப்பறையின் இயல்புகளால் விளக்க முடிந்தது. அதில் ஏறக்குறைய பாதி, வெளிச்சம், வெப்பம், காற்று சம்பந்தப்பட்டது. நெகிழ்வும் ‘இது என் அறை’ என்ற உணர்வும் கால் பங்கு. சிறு பிள்ளைகளுக்கு வெவ்வேறு மூலைகளும் பகுதிகளும் கொண்ட அறை உதவுகிறது, வளர்ந்த பிள்ளைகளுக்கு எளிமையான, விசாலமான அறை உதவுகிறது என்றும் அந்த ஆய்வு கண்டது. ஒன்றாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஒரே வடிவத்தைச் சொல்லும் உத்தரவு இதோடு ஒத்துப்போகாது.

ஆகவே என் தீர்ப்பு இது. நிரந்தர இருக்கையாக ‘ப’ வடிவம் தேறாது. 25 பிள்ளைகளுக்கு உட்பட்ட வகுப்பில், பேசிக் கற்கும் பீரியடில், ஆசிரியர் விரும்பினால் அமைத்துக்கொள்ளும் வடிவமாக அது நல்லது. அப்படி அமைத்துக்கொள்ள முடிய வேண்டுமென்றால் மூவர் உட்காரும் கனமான இரும்பு பெஞ்சு போக வேண்டும். இரண்டு பிள்ளைகள் தாமே தூக்கி வைக்கக்கூடிய மேசைகள் வர வேண்டும். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் மூன்று சுவர்களிலும் பலகை வேண்டும். தொடக்கப் பள்ளியில் கீழ்மட்டக் கரும்பலகையைப் பெயர்க்காமல் காக்க வேண்டும். இவற்றுக்கும் முன்பாகச் செலவழிக்க வேண்டியது தளத்தின் மேல் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சுக்கும், தீப்பிடிக்காத ஓசை உறிஞ்சும் கூரைப் பலகைக்கும். இவை புகைப்படத்தில் விழாது. பிள்ளையின் காதிலும் தோலிலும் தெரியும்.

பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் ஐந்தாண்டுகளுக்கு 7,000 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது. அந்தப் பணத்தில் எழும் அறைகள் இன்னும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் நிற்கும். பொதுப்பணித் துறைப் பொறியாளர்களிடமும் கல்வி அதிகாரிகளிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வரைபடத்தில் ஒரு சுவரில் மட்டும் கரும்பலகை குறித்திருந்தால் கையெழுத்திடாதீர்கள், அந்த ஊரின் தலைமையாசிரியரையும் வகுப்பாசிரியரையும் அழைத்து மற்ற இரண்டு சுவர்களிலும் பலகை எந்த உயரத்தில் வர வேண்டும் என்று கேட்ட பிறகு கையெழுத்திடுங்கள்.