பழையனூர் நீலி: ஒரு பேயின் நெஞ்சம்

பொய்யாக அழுவோரின் கண்ணீரை நீலிக்கண்ணீர் என்பது தமிழகத்திலும் ஈழத்திலும் இன்றும் நிலவும் வழக்கு. நீண்டதொரு கதை சுருங்கி ஒரு சொல்லாயிற்று. அச்சொல்லினுள் ஒரு தீர்ப்பும் அடங்கியுள்ளது. நீலி அழுதாள், அவ்வழுகை பொய், ஆகவே அவள் வஞ்சகி என்பதே அத்தீர்ப்பு. கதையை முழுமையாக நோக்குவோர்க்கு இத்தீர்ப்பு அவ்வளவு எளிதாகத் தோன்றாது.

கூறுவோர்தோறும் பெயர்களும் சில நிகழ்ச்சிகளும் வேறுபடினும் கதையின் எலும்புக்கூடு ஒன்றே. காஞ்சிபுரத்து அந்தணனொருவன் மனைவியிருக்கக் காசிக்குச் சென்று அங்கே மற்றொருத்தியை மணந்தான். அவளை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பும் வழியிலே, திருவாலங்காட்டுக்கு அருகில், அவளைக் கொன்றான். மறுபிறப்பில் அவன் வணிகனாகப் பிறந்தான். கொலையுண்டவள் நீலி என்னும் பேயானாள். பேயினால் இறப்பு நேருமென முன்னரே எச்சரிக்கப்பெற்ற வணிகன் மந்திர வாளொன்றைக் கைவிடாது திரிந்தான். பழையனூர் செல்லும் வழியில் அவனைக் கண்ட நீலி, கள்ளிக்கொம்பொன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைத் தொடர்ந்தாள். ஊர் வேளாளர் எழுபதின்மர் முன்னிலையில், 'இவர் என் கணவர். என்னைக் கைவிட்டுச் செல்கின்றார்' என அழுதாள். வணிகன் மறுத்தான். குழந்தையோ அவனைத் தந்தையென அழைத்து மடியில் ஏறிற்று. வேளாளர் அவளை நம்பினர். அவன் வாளை வாங்கி வைத்தனர். தீங்கு நேரின் தம்முயிரைத் தருவதாக வாக்களித்து இருவரையும் ஓரறையில் இருத்தினர். விடியலில் வணிகன் பிணமாகக் கிடந்தான். எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர்.

நீலி மன்றத்திற் கூறியவற்றுள் பொய் எது என்பதே முதலில் எழும் வினா. குழந்தை பொய், உருவம் பொய். 'இவர் என் கணவர்' என்ற கூற்றோ முற்பிறப்பை நோக்க மெய். தான் கைவிடப்பட்டவள் என்றதும் மெய். உண்மையில் அது குறைத்துக் கூறியது. கொல்லப்பட்டேன் என்று அவள் சொல்லியிருப்பின் நம்புவார் யார்? மன்றம் ஏற்கத்தக்க வழக்கு ஒன்றே அவளுக்கு இருந்தது. கணவனாற் கைவிடப்பட்ட மனைவியின் வழக்கு அது. அதனையே அவள் தொடுத்தாள். மறுத்துரைத்த வணிகனும் பொய்யனல்லன். இப்பிறப்பில் அவன் அவளை அறியான். இருதிறத்தாரும் மெய் பேசிய ஒரு வழக்கிலே தீர்ப்புக் கூறப் புகுந்தமையே வேளாளர்க்கு நேர்ந்த இடர். இக்கதையின் ஆற்றல் முழுவதும் இம்மன்றக் காட்சியிலேயே உள்ளது. இரவில் நிகழ்ந்த கொலையை விரித்து அச்சமூட்டும் கதைசொல்லிகள் இதனைத் தவறவிடுகின்றனர்.

அவளுடைய நோக்கம் பழிவாங்கலே என்பதில் ஐயமில்லை. கண்டாரையெல்லாம் பற்றும் பேயன்று அவள். ஒருவனையே தேடினாள், பிறவி கடந்தும் அவனையே தேடினாள். எனினும் அவளை முற்றாக விடுவித்தல் இயலாது. எழுபதின்மர் அவளுக்கு யாதொரு தீங்கும் செய்திலர்; அவள் சொல்லை நம்பிய குற்றமே அவர் குற்றம். தன்னை நம்பினோரின் அறவுணர்வையே கருவியாக்கி அவர் உயிரையும் அவள் பறித்தாள். முன்னொருநாள், தன்னை நம்பி வழிநடந்த மனைவியை ஒருவன் கொன்றான். அவன் செய்ததையே அவளும் செய்தாள்.

ஊரார் நினைவு எப்பக்கம் சாய்ந்தது என்பதும் கருதற்பாலது. 7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்நிகழ்ச்சியைக் குறிக்குமிடத்து அவள் பெயரைச் சொல்லவில்லை. வஞ்சித்து உயிர்கொண்ட ஒருத்தி என்ற அளவில் நிறுத்துகின்றார். உமாபதி சிவாசாரியாரின் சேக்கிழார் புராணத்தில் வேளாளரின் வாய்மைக்குச் சான்றாகவே இது பயன்படுகின்றது. நீலியின் கதை இவ்வாறு எழுபதின்மர் கதையாயிற்று. அவர் பெருமை பெருமையே. ஆயினும் அதனை ஒளிரச்செய்யும் இருளாக மட்டும் நீலி நின்றுவிட்டாள்.

இதே ஆலங்காட்டில் மற்றொரு பேயுருவும் உண்டு. காரைக்காலம்மையாரின் கணவனும் வணிகனே. அவனும் அவரை விட்டகன்று பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்தான். சுற்றத்தார் அவரை அவனிடம் அழைத்துச் சென்றபோது, அவன் அஞ்சி அடிபணிய, அவனுக்கென்று சுமந்த உடலை வேண்டாவென்று கழித்துப் பேய்வடிவம் வேண்டிப் பெற்றார் என்பது பெரியபுராணம். கைவிடப்பட்ட மனைவியர் இருவர், இருவரும் பேயாயினர், இருவர்க்கும் களம் ஆலங்காடு. இவ்வொற்றுமை தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அம்மையார்க்குக் கணவனிடம் பெறவேண்டியது எதுவும் இருக்கவில்லை. நீலிக்கோ இருந்தது, அதனைக் கேட்கும் வாயில் மட்டும் இல்லை.

நீலியை மீட்க முயன்றவர் ஒருவர் உளர். அவர் நீலகேசி ஆசிரியரான சமணப் புலவர். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான அந்நூலில், பாஞ்சால நாட்டில் உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திர முனிவரை ஓட்டுதற்குப் பழையனூர் நீலி ஏவப்படுகின்றாள். அச்சுறுத்தியும் மயக்கியும் தோற்றபின் அவரிடம் அறங்கேட்டு, புத்தர் முதலானோரோடு வாதிட்டு வெல்லும் நாவலராகின்றாள். மன்றத்தில் நின்று பேசத்தெரிந்தவள் என்பதைப் பழங்கதையிலிருந்து அவ்வாசிரியர் நன்கு கண்டுகொண்டார். கண்ணீரால் வென்றவளைத் தருக்கத்தால் வெல்லச் செய்தமை துணிந்த கற்பனையே. எனினும் அவரும் அவளுக்குச் சமயம் கற்பித்தாரேயன்றி, அவள் பட்ட குறையை வினவினாரல்லர்.