படமும் பட்டவரும்

பிறர் துன்பத்தைப் பதிவுசெய்யும் புகைப்படக் கலைஞரிடம் உலகம் பெரும்பாலும் ஒரு வினாவையே எழுப்புகின்றது: கண்டதை மெய்யாகக் காட்டினாரா? இதனினும் கடினமான வினா ஒன்றுண்டு: காட்டப்பட்ட அத்துன்பம் யாருக்குரியது? அமெரிக்கரான யூஜின் ஸ்மித் 1971ஆம் ஆண்டு யப்பானில் எடுத்த ஒரு படத்தின் வரலாறு இவ்வினாவுக்கு விடைதேட உதவுகின்றது.

யப்பானின் கியூசுத் தீவிலுள்ள கடற்கரைப் பட்டினம் மினமாட்டா. அங்கிருந்த சிஸ்ஸோ இரசாயனத் தொழிற்சாலை 1932 முதல் 1968 வரை பாதரசச் சேர்வை கலந்த கழிவைக் கடலில் விட்டது. நஞ்சு மீனில் ஏறியது. மீனை உண்டோரின் நரம்பைச் சிதைத்தது. தாயின் வழியே கருவையும் தாக்கியது. அவ்வாறு தாக்குண்டு 1956இல் பிறந்தவள் தொமோகோ. தாயின் உடலிலிருந்த நஞ்சைத் தானே ஏற்றுப் பின்பிறந்தோரைக் காத்தவள் எனக் கருதிய குடும்பத்தார், அவளைச் செல்வக் குழந்தையாகப் பேணினர்.

ஸ்மித்தும் அவர் மனைவி ஐலீனும் 1971 முதல் 1974 வரை அப்பட்டினத்திலேயே குடியிருந்தனர். நோயுற்றோரின் போராட்டத்திலும் உடன்நின்றனர். 1972 சனவரியில் அவர்களுடன் தொழிற்சாலையொன்றுக்குச் சென்ற ஸ்மித் அங்கு தாக்கப்பட்டுப் படுகாயமுற்றார். வந்து, படமெடுத்து, மீளும் விருந்தினராக அவர் இருந்தாரல்லர். தாயின் இசைவோடு குளியலறையில் அப்படம் எடுக்கப்பட்டமைக்கு இவ்வுறவே வழிவகுத்தது.

படத்திலே, இருள்சூழ்ந்த நீர்த்தொட்டியில் தாய் தன் பதினைந்து வயது மகளை ஏந்தியிருக்கின்றாள். மகளின் கைகால்கள் திருகியுள்ளன. கண்கள் மேல்நோக்கி நிலைத்துள்ளன. தாயோ அவள் முகத்தை மட்டுமே நோக்குகின்றாள். இறந்த இயேசுவை மடியிலேந்திய மரியாளை மைக்கலாஞ்சலோ வடித்த சிற்பத்தோடு திறனாய்வாளர் பலர் இதனை ஒப்பிட்டனர். ஒப்புமை பொருந்துவதாயினும் ஓர் உண்மையை அது மறைக்கின்றது. மரியாள் ஏந்தியது உயிர்நீத்த உடல். இத்தாய் நீராட்டுவதோ உயிருள்ள மகளை. அது அவளுடைய அன்றாடக் கடமை. படத்தின் ஆற்றல் நோயின் கொடுமையிலிருந்து பிறப்பதன்று. தாயின் பார்வையிலிருந்து பிறப்பது. அப்பார்வையைக் கலைஞர் படைக்கவில்லை. அதனைக் காணுமாறு அனுமதிக்கப்பட்டார். ஆதலின் படத்தின் உயிர்நிலை கடனாகப் பெறப்பட்டதே.

1972இல் ‘லைஃப்’ இதழிலும், 1975இல் ‘மினமாட்டா’ என்னும் நூலிலும் அப்படம் வெளிவந்தது. உலகின் மனச்சாட்சியை உலுக்கியது. 1977இல் தொமோகோ மறைந்தாள். மறுவருடம் ஸ்மித்தும் மறைந்தார். படம் மட்டும் உலகெங்கும் உலவியது. படத்தாற் பொருளீட்டினர் என்ற பழிச்சொல்லும் குடும்பத்தாரைச் சேர்ந்தது. மகளை இனியேனும் இளைப்பாற விடவேண்டுமெனப் பெற்றோர் விரும்பினர். 1998இல், படத்தின் உரிமையைக் கொண்டிருந்த ஐலீன், அதனைப் பற்றி முடிவுசெய்யும் உரிமையை அப்பெற்றோரிடமே ஒப்படைத்தார்.

உலகுக்கு நீதி கற்பித்த படத்தை மறைப்பது வரலாற்றுக்கு இழப்பாகாதா என்பர் சிலர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. 2020ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றில் அப்படம் மீண்டும் காட்டப்பட்டபோது அதே வழக்கு மறுபடியும் எழுந்தது. எனினும், நோயுற்றோரின் பொருட்டு எடுக்கப்பட்ட படம், அவர்தம் குடும்பத்தாரின் விருப்பத்தையே மீறுமாயின், எடுத்ததன் நோக்கமே பிழைபடும். ஒருநாட் கொடுத்த இசைவு என்றைக்குமான சாசனம் ஆகாது. தொட்டியருகே கருவியைத் தூக்கிய வேளையில் தொடங்கிய கடன், கலைஞரின் மறைவோடு தீர்ந்துவிடவில்லை. அக்கடனை நினைவிற்கொண்டு திருப்பியளித்த செயல், படத்தின் பெருமையைக் குறைக்கவில்லை. அது எவ்வுறவிற் பிறந்ததோ அவ்வுறவையே உறுதிசெய்தது.