தொப்பியும் தலையும்

படக்காட்சியிலே கதாநாயகன் அணிந்து வரும் தொப்பியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். தலையில் இருப்பதைக் கண்டு தலைக்குரியவனை மதிப்பிடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. மலாயாத் தோட்டங்களில் வெள்ளைத் துரைமார் வெயிலுக்காக அணிந்த நெட்டித் தொப்பி, நாளடைவில் அதிகாரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. துரையோ, நம் போன்ற கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளினின்று இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்குமாறு, 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் ஒரு கோரிக்கையாகவே கேட்க வேண்டியிருந்தது. ஆகவே தொப்பி சிறு பொருளன்று.

அதே 1941-இல்தான் அமெரிக்காவில் ஜான் ஹூஸ்டன் இயக்கிய "மால்டீஸ் பால்கன்" வெளிவந்தது. அதில் சாம் ஸ்பேடு என்னும் துப்பறிவாளனாக நடித்தவர் ஹம்பிரி போகார்ட். அவர் தலையில் இருந்தது பெடோரா என்னும் மென்மையான தொப்பி. அது முதல் பெடோரா அணிந்தவன் அஞ்சாதவன், ஆண்மை மிக்கவன், பெண்ணுக்கு இளகாதவன் என்றொரு நம்பிக்கை வேரூன்றி, அதே தொப்பியைக் கடையில் வாங்கினால் அக்குணங்களும் உடன் வரும் என்று இளைஞர்கள் எண்ணுமளவுக்கு வளர்ந்திருக்கிறது. இந்நம்பிக்கையை அப்படங்களே மறுக்கின்றன என்பது நமது துணிபு.

முதற்கண், பெடோரா என்பது ஒரு பெண்ணின் பெயர். 1882-இல் பாரிசு நகரில் விக்டோரியன் சார்டு எழுதிய "பெடோரா" நாடகத்தில், சாரா பெர்ன்ஹார்ட் அம்மையார் ருசிய இளவரசி பெடோராவாக நடித்தார். தொப்பிக்கு அப்பெயர் அந்நாடகத்தால் வந்தது. பெண்டிர் விரும்பி அணிந்த பின்னரே ஆடவர் தலைக்கு அது முழு உரிமையாயிற்று. ஆண்மையின் சின்னம் இது என்று மீசை முறுக்குவோர் இதனைச் சற்று நினைவிற் கொள்வாராக!

போகார்ட் நடித்த காலத்தில் இத்தொப்பி வீரனுக்குரிய தனி உடையும் அன்று. அமெரிக்க நகரங்களில் குமாஸ்தா, வியாபாரி, போலீஸ்காரன், திருடன் யாவரும் அணிந்ததே. முயல் முதலிய பிராணிகளின் ரோமத்தை அழுத்திச் செய்வது. நடுவே நீளமாகக் குழிந்திருக்கும். முன்புறம் இருபக்கமும் கிள்ளினாற்போல் ஒடுங்கியிருக்கும். விளிம்பை வேண்டியவாறு வளைக்கலாம். படம் பிடிப்போர்க்கு அவ்விளிம்பினால் ஒரு பயன் கிட்டிற்று. மேலிருந்து ஒளி விழுந்தால் கண்கள் நிழலில் மறையும். தலை சற்று நிமிர்ந்தால் வெளிப்படும். நெஞ்சில் உள்ளதை மறைக்க விரும்பும் பாத்திரத்துக்கு இதனினும் ஏற்ற கருவி வேறில்லை.

1942-இல் மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கிய "காசாபிளாங்கா"வை எடுத்துக்கொள்வோம். விடுதிக்காரன் ரிக் தன் விடுதியினுள் வெள்ளைக் கோட்டும் வெறுந்தலையுமாகவே உலவுகிறான். மழைக்கோட்டும் பெடோராவுமாக அவன் நம் மனத்தில் நிலைத்து நிற்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பாரிசு ரயில் நிலையம். காதலி வரவில்லை, கடிதம் வருகிறது, அதன் எழுத்துக்கள் மழையிற் கரைந்தோடுகின்றன. கைவிடப்பட்ட மனிதன் ஒருவன் நனைந்த தொப்பியோடு நிற்கிறான், அவ்வளவே. மற்றொன்று, பனிமூடிய விமான நிலையம். அதே காதலியை அவள் கணவனோடு தானே வழியனுப்புகிறான். அங்கு நிற்கும் முக்கியமான நால்வர் தலையிலும் தொப்பி உண்டு. கணவன் லாஸ்லோவும் அணிந்திருக்கிறான். இங்கிரிட் பெர்க்மன் அம்மையாரும் அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்திருக்கிறார். தொப்பியே வீரமானால் நால்வரும் ரிக் ஆகியிருக்க வேண்டுமன்றோ? ரயில் நிலையத்தில் பெற்ற அடி அவனை என்ன செய்தது என்பதை நாம் கண்டிருப்பதனால்தான் விமான நிலையத்தில் அந்த விளிம்பின் நிழல் நம்மை வருத்துகிறது.

1981-இல் ஸ்டீவன் ஸ்பீல்பர்க் தொடங்கிய இந்தியானா ஜோன்ஸ் படங்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அதற்குள் தெருவில் தொப்பி அருகிவிட்டது. ஆகவே ஹாரிசன் போர்டு அணிந்தது வேஷத்தின் பகுதியாயிற்று. 1984-ஆம் ஆண்டுப் படத்தில் கற்கதவு மூடும் கணத்திலும் கையை நீட்டித் தொப்பியை மீட்கிறான். 1989-ஆம் ஆண்டுப் படத்தில் காற்றே அதைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சிரிக்கலாம், குற்றமில்லை. ஆனால் தொலையவே தொலையாத பொருளுக்கு மதிப்பேது? அந்த 1989 படத்தின் தொடக்கத்தில் மட்டும் ஓர் அருமையான இடம் இருக்கிறது. போராடித் தோற்ற சிறுவன் தலையில், எதிர்க்கட்சியாளன் ஒருவன் தன் தொப்பியைக் கழற்றி வைக்கிறான். வென்றவனுக்கன்று, தோற்றவனுக்கு!

இவையனைத்தினும் மேலாக நாம் மதிப்பது 1967-இல் பிரெஞ்சு டைரக்டர் ஜான் பியேர் மெல்வில் எடுத்த "சாமுராய்". கூலிக்குக் கொலை செய்யும் ஜெப் கோஸ்டெல்லோவாக நடித்தவர் அலென் டெலோன். வெளியே கிளம்புமுன் கண்ணாடி முன் நின்று தொப்பியின் விளிம்பை விரலால் தடவிச் சரிசெய்கிறான். கொலைக்குப் பின் போலீசார் பலரைப் பிடித்து வந்து வரிசையாக நிறுத்துகின்றனர். அதிகாரி ஒரு சூழ்ச்சி செய்கிறார்: ஜெப்பின் தொப்பியை ஒருவனுக்கும் கோட்டை வேறொருவனுக்கும் மாட்டிவிடுகிறார். சாட்சி தயங்கவில்லை. தொப்பியை ஒருவனிடத்தும், கோட்டை மற்றொருவனிடத்தும், முகத்தை ஜெப்பினிடத்தும் தனித்தனியே அடையாளம் காட்டிவிடுகிறான். தொப்பி வேறு, தலை வேறு என்பதை நாம் பக்கம் பக்கமாக வாதிட, மெல்வில் ஒரு காட்சியில் முடித்துவிட்டார்.

முடிவிலே ஜெப் இரவு விடுதிக்கு வருகிறான். தொப்பியைக் காவற்பெண்ணிடம் கொடுக்கிறான். அவள் கொடுத்த சீட்டை எடுக்காமல் மேடைமேலேயே விட்டுச் செல்கிறான். திரும்பிப்போகும் எண்ணம் அவனுக்கில்லை. அவன் நீட்டிய துப்பாக்கியில் குண்டு இல்லை என்பது, போலீசார் அவனைச் சுட்டு வீழ்த்திய பிறகே தெரிய வருகிறது. வண்ணப்படமாயினும் சாம்பலும் மங்கிய நீலமுமே கண்ணிற் படும். தொடக்கத்தில் வெகுநேரம் ஒருவரும் வாய் திறப்பதில்லையாதலால், பிரெஞ்சு அறியாத நம்மவரும் தடையின்றிப் பார்க்கலாம். தொப்பி வாங்க எண்ணியிருக்கும் இளைஞர்கள் இப்படத்தை முதலிற் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நலம்.