எல்லை கடந்த ஆலை, எல்லை கடவாத சங்கம்
('அமெரிக்கன் பாக்டரி' என்னும் விவரணப் படத்தைப் பற்றிய திறனாய்வு)

முதலீடு நாடு விட்டு நாடு செல்கிறது. தொழிலாளியின் சங்கமோ பிறந்த நாட்டிலேயே நின்றுவிடுகிறது. உலகமயத்தின் விளைவுகளைப் பற்றிப் பல நாட்டுத் தொழிற்சங்கத்தார் கூடிப் பேசும்போது, இந்த முறையீடு எழாமல் இருப்பது அரிது. கேட்டுக் கேட்டுப் பழகிப்போன இந்த வாசகத்துக்கு ஊனும் உயிரும் கொடுத்த படைப்புகள் சிலவே. ஸ்டீவன் போக்னரும் ஜூலியா ரைக்கர்ட்டும் இயக்கி, 2019இல் வெளிவந்த 'அமெரிக்கன் பாக்டரி' அவற்றுள் ஒன்று. 2020இல் சிறந்த விவரணப் படத்துக்கான ஆஸ்கார் பரிசும் இதற்குக் கிடைத்தது. பரிசு பெற்றது என்பதற்காகப் பாராட்டிவிட்டு அமைதல் திறனாய்வாகாது. படம் எதைச் சொல்லிற்று, எதைச் சொல்லாது விட்டது என்று பார்ப்பதே முறை.

ஒரு கூரை, இரு நாட்டார்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டேய்ட்டன் நகரை அடுத்த மொரேன் என்னும் ஊரில், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வாகன ஆலை இருந்தது. 2008 டிசம்பர் 23ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு இரு நாள் முன்னர், அது மூடப்பட்டது. வெறிச்சோடிக் கிடந்த அந்தக் கட்டடத்தை, சீனாவின் பூயாவோ நிறுவனம் 2014இல் வாங்கிக் கார்க் கண்ணாடி ஆலையாக்கியது. சீனாவிலிருந்து கைதேர்ந்த தொழிலாளர் வந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் மக்களுக்கு வேலை கிடைத்தது.

என்ன வேலை, எவ்வளவு கூலி என்பதில்தான் கதை தொடங்குகிறது. பழைய ஆலையில் மணிக்கு 29 அமெரிக்க வெள்ளிக்கு மேல் பெற்ற ஒரு பெண், புதிய ஆலையில் 12.84 வெள்ளி பெறுவதாகச் சொல்கிறார். அழுகை இல்லை, ஆவேசம் இல்லை. அந்த இரண்டு எண்களே உலகமயத்தைப் பற்றிய ஒரு நூலுக்கு ஈடாகின்றன. மறுபுறம், மனைவி மக்களை ஊரில் விட்டு வந்து உலைக்களத்தில் உழைக்கும் சீனர் ஒருவரைக் காண்கிறோம். அமெரிக்கத் தோழர் ஒருவர் நன்றி நவிலும் திருநாளன்று சீனத் தொழிலாளரை வீட்டுக்கு அழைத்து விருந்தளிக்கிறார். மொழி தெரியாத இடத்திலும் உழைப்பாளிக்கு உழைப்பாளி உறவாகிறான் என்பதை இக்காட்சி இயல்பாக உணர்த்துகிறது.

நடுவுநிலைமையின் சிறப்பு

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். இப்படத்தின் தலையாய பண்பும் அதுவே. ஆலை அதிபர் சாவ் தேவாங்கைக் கொடியவராகச் சித்திரித்திருந்தால் படம் எளிதாகக் கைதட்டல் பெற்றிருக்கும். இயக்குநர்கள் அவ்வாறு செய்யவில்லை. வறுமையில் வளர்ந்த தம் இளமைக் காலத்தை அவர் நினைந்து, தாம் நாட்டுக்கு நன்மை செய்தவரா, பாவம் செய்தவரா என்று தம்மையே கேட்டுக்கொள்ளும் இடத்தையும் காட்டுகின்றனர். சங்கம் வந்தால் ஆலையை மூடிவிடுவதாகச் சொன்னவரும் அவரே என்பதை மறைக்கவுமில்லை.

எனினும், தராசு நேரானது என்பதால் இரு தட்டுகளிலும் உள்ளவை ஒரே எடை ஆகிவிடுவதில்லை. நேரான தராசு, கனத்த தட்டைத் தாழ்த்திக் காட்ட வேண்டும். 2017 நவம்பரில், ஐக்கிய மோட்டார் தொழிலாளர் சங்கம் ஆலைக்குள் வரலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. வேண்டும் என்றோர் 444 பேர். வேண்டாம் என்றோர் 868 பேர். சங்கத்தைத் தடுக்க நிர்வாகம் ஆலோசகர்களுக்குப் பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் செலவிட்டதைப் படம் சொல்கிறது. இங்கே தராசு தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால் அந்த 868 பேரின் உள்ளத்தைப் படம் போதிய அளவு திறந்து காட்டவில்லை. அச்சம் மட்டுமே காரணமா? ஆண்டுக்கணக்கில் வேலையின்றி இருந்தவர்கள் கிடைத்ததைக் காத்துக்கொள்ள நினைத்தார்களா? பழைய ஆலையில் சங்கம் இருந்தும் அது மூடப்பட்டதே என்ற கசப்பா? தொழிற்சங்கத்தார் முதன்முதலில் விடை காண வேண்டிய கேள்விகள் இவை.

சொல்லாது விட்டது

அமெரிக்க மேற்பார்வையாளர் சிலர் பூஜியான் மாநிலத்தின் பூச்சிங் நகரிலுள்ள தலைமை ஆலைக்குச் செல்லும் பகுதியே படத்தின் உச்சம். படை வீரரைப் போல் அணிவகுத்து எண்ணிக்கை சொல்லும் தொழிலாளர், தக்க கையுறை இன்றி உடைந்த கண்ணாடியைப் பொறுக்குவோர், பன்னிரண்டு மணி நேர வேலை ஆகியவற்றைக் கண்டு விருந்தினர் திகைக்கின்றனர். அந்த ஆலையிலும் சங்கம் உண்டு. அதன் தலைவர் அதிபரின் மைத்துனர்; கட்சிச் செயலாளரும் அவரே! ஒஹாயோவில் சங்கம் வந்தால் மூடுவேன் என்பவர், பூச்சிங்கில் சங்கத்தைத் தம் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

இந்த முரண்பாட்டைக் காட்டிய படம், அதன் வேரை ஆராயவில்லை. சீனாவில் அனைத்துச் சீனத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் கீழன்றி வேறு சங்கம் அமைக்கச் சட்டத்தில் இடமில்லை. 2006இல் வியன்னாவில் தோன்றிய அனைத்துலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்பில் அது உறுப்பாகவும் இல்லை. ஆக, ஒரே முதலாளியிடம் ஒரே கண்ணாடியைச் செய்யும் இரு நாட்டுத் தொழிலாளருக்கும் கலந்து பேசப் பொதுவான மேடை கிடையாது. பூச்சிங் சென்றவர்கள் ஆண்டு விழாவில் ஆடல் பாடல் கண்டனர். அங்குள்ளவர்களிடம் கூலியைப் பற்றியும் ஓய்வைப் பற்றியும் உரிமையோடு உரையாட வாய்ப்பில்லை. இதைச் சுட்டும் ஒரு வாசகமேனும் படத்தில் இருந்திருந்தால், சீனருக்கும் அமெரிக்கருக்கும் இடையிலான பூசலுக்குப் பண்பாட்டு வேறுபாடே காரணம் என்ற தவறான எண்ணம் பார்வையாளரிடம் எழாது.

இறுதிக் காட்சிகளில் தானியங்கி இயந்திரங்கள் வருகின்றன. அவை வந்ததும் எத்தனை பேரைக் குறைக்கலாம் என்று நிர்வாகத்தார் அதிபருக்கு விளக்குகின்றனர். அந்தக் கணக்கில் சீனர் என்றும் அமெரிக்கர் என்றும் பேதம் இல்லை. கலந்து பேச வேண்டிய தேவை இருவருக்கும் ஒன்றே என்பதைப் படம் தன்னை அறியாமலேயே இங்கு நிறுவிவிடுகிறது. குறைகள் இருப்பினும், எந்த நாட்டுத் தொழிற்சங்கத்தாரும் தம் உறுப்பினர்களைக் கூட்டி வைத்துப் பார்த்து, பார்த்தபின் விளக்கை அணைத்துக் கலையாமல் விவாதிக்க வேண்டிய படம் இது.