படம் இருக்கிறது, பதிவு இருக்கிறதா?

தைப்பொங்கலன்று அவனியாபுரம் ஜல்லிக்கட்டு. பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர். சித்திரைப் பௌர்ணமிக்கு மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்ப்பதா, கூவாகத்துக்கு பஸ் ஏறுவதா என்ற குழப்பம். நவராத்திரி முடிவில் குலசேகரப்பட்டினம் தசரா, டிசம்பர் 26 அன்று கடலோரத்தில் சுனாமி அஞ்சலி. நடுநடுவே வள்ளுவர் கோட்டத்தில் ஏதாவது ஓர் ஆர்ப்பாட்டம். எந்தப் பத்திரிகையிலும் வேலையில்லாமல், சொந்தக் காசில், கேமராவோடு இப்படி ஆண்டு முழுவதும் அலையும் இளைஞர்கள் இன்று தமிழ்நாட்டில் நிறையப் பேர். பொது வாழ்வைப் பத்திரிகைகளும் அரசும் மட்டுமே படமெடுத்த நிலையை மாற்றியவர்கள் இவர்கள் என்பதால் இந்தப் பழக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் இவர்கள் எடுத்துக் குவிக்கும் படங்களில் பெரும்பகுதி பத்து ஆண்டுக்குப் பின் யாருக்கும் பயன்படாமல் போகும் என்ற கவலையும் இருக்கிறது.

நல்ல படத்துக்கு என்ன வலிமை உண்டு என்பதில் சந்தேகமில்லை. 2004 சுனாமியின்போது கடலூரில் அர்கோ தத்தா எடுத்த படம் அந்த ஆண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் படமாகத் தேர்வானது. ஒரு பெண் மணலில் கவிழ்ந்து, கைகளை விரித்து அழுகிறார். இறந்துபோனவரின் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. இறந்தவர் முகத்தைக் காட்டாமலே பேரழிவை முழுதாகச் சொன்ன படம் அது. 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தபோது, மஞ்சள் சட்டை அணிந்த ஒருவர் காவல்துறை வேனின் மேலேறித் துப்பாக்கியால் குறிபார்க்கும் காட்சி நாடெங்கும் பரவியது. கேமரா அங்கே இல்லாதிருந்தால் அதை எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்?

இடங்களைப் படமெடுப்பதற்கும் இதே மதிப்பு உண்டு, மெதுவாகத்தான் தெரியவரும். சென்னைக் கடற்கரைச் சாலையில் எடுத்த படத்தில் சிவாஜி சிலை நின்றால், அது 2006-க்கும் 2017-க்கும் இடையில் எடுத்தது. கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு 2006-இல்தான் திரும்பி வந்தது. தேதியே இல்லாத குடும்பப் படத்துக்குக்கூடப் பின்னால் நிற்கும் சிலை காலம் சொல்லிவிடும்.

குறை எங்கே தொடங்குகிறது? உச்சத் தருணத்தை மட்டும் துரத்துவதில். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது மெரினாவில் இரவு நேரத்தில் உயர்ந்த செல்போன் வெளிச்சத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 23-ஆம் தேதி கூட்டம் கலைக்கப்பட்ட அன்று நடுக்குப்பத்தில் மீன் சந்தை எரிந்தது. அந்தச் சந்தை மீனவப் பெண்களின் பிழைப்பு. அதைத் தேடிப்போய் எடுத்த கேமராக்கள் எத்தனை?

அரவானுக்குத் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்ளும் கூவாகத்தில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரியும். தாலி அறுக்கும் காலையில், வளையலை உடைத்து ஒப்பாரி வைக்கும் ஒரு திருநங்கையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு லென்ஸ்கள் வட்டம் கட்டி நிற்கும். சிலர் முழங்காலிட்டு, அழும் முகத்துக்கு ஒரு முழம் தொலைவில் கேமராவை நீட்டுவார்கள். ஆண்டுதோறும் வெளிவருவது கிட்டத்தட்ட ஒரே படம். அதே அரவானுக்கு நேர்ந்துகொண்டு தாலி கட்டிக்கொள்ளும் சுற்றுவட்டாரக் கிராமத்து ஆண்களை அந்தப் படங்களில் காண்பது அரிது. திருவிழா முடிந்து வாடகைக்கு வீடு தேடி அலையும் திருநங்கை அதைவிட அரிது. ஒரு சமூகத்தைக் கண்ணீராக மட்டும் காட்டுவது, எவ்வளவு அன்போடு செய்தாலும், அநியாயம்தான்.

ஆர்ப்பாட்டப் படங்களில் வேறொரு சிக்கல். உயர்த்திய கை, கோஷமிடும் வாய், நெற்றியில் வழியும் வியர்வை. முகம் எடுப்பாக வரவேண்டும் என்று லென்ஸை அகலத் திறந்து பின்னணியை மங்கலாக்கிவிடுகிறார்கள். மங்கிப்போவது பின்னால் கட்டியிருக்கும் ஃபிளக்ஸ். சங்கத்தின் பெயர், கோரிக்கை, தேதி, இடம் நான்கும் அதில்தான் இருக்கும். அது போனபின், படத்தில் இருப்பவர் பணிநிரந்தரம் கேட்ட பகுதிநேர ஆசிரியரா, அங்கன்வாடி ஊழியரா, தூய்மைப் பணியாளரா என்று எப்படிச் சொல்வது? அந்தப் படமும் வாட்ஸாப்பில் நாலு கை மாறினால், கேமரா தானே பதித்த தேதியும் போய்விடும்.

கோரிக்கை மறைந்து முகம் மட்டும் மிஞ்சுவதில் ஆபத்தும் இருக்கிறது. முகத்தை அடையாளம் காணும் மென்பொருளைக் காவல்துறை பயன்படுத்தும் காலம் இது. மேடையேறி மைக் பிடித்தவர் தெரிந்தே முன்வந்தவர். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரி மாணவி அப்படியல்ல; அவருடைய முகத்தைப் பொதுவெளியில் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்பதுதான் முறை.

ஃபிளக்ஸ் எழுத்துக்குத் திரும்புவோம். லின்னேயஸ் டிரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். அன்றைய கருவிக்கு அசையும் மனிதர் பிடிபடுவது கடினம் என்பதால் அவர் எடுத்த கோயில்கள் பெரும்பாலும் ஆளில்லாமல் நிற்கின்றன. ஆனால் கல்லில் இருந்த எழுத்து இன்னொருவர் படிப்பதற்காகக் காப்பாற்றப்பட்டது. நம்மிடம் மனிதர்கள் நிறைய இருக்கிறார்கள், எழுத்துதான் விடுபடுகிறது.

விடாமல் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களைப் புகைப்படக்காரர் பழனிக்குமார் ஆண்டுக்கணக்கில் படமெடுத்து வருகிறார். ஒரு சாவு நடந்த அன்று போய்விட்டு மறப்பவர் அல்ல அவர். பெயரும் கதையும் படத்தோடு சேர்ந்தே வருகின்றன. எண்ணிக்கையால் அல்ல, திரும்பிப் போவதால் அவருடைய படங்களுக்குக் கனம் கூடுகிறது. ஆண்டுக்கு முப்பது நிகழ்ச்சிக்கு ஓடுவதைவிட மூன்று நிகழ்ச்சிக்கு மூன்று முறை போவது மேல் என்பது என் கருத்து.

அடுத்த முறை வள்ளுவர் கோட்டத்துக்குப் போகும்போது, முகங்களுக்கு முன் அந்த ஃபிளக்ஸை ஒரு படம் எடுங்கள். கையில் திணிக்கும் துண்டறிக்கையையும் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் யார், எங்கே, எதற்காக என்று தமிழில் மூன்று வரி எழுதி வையுங்கள். படங்களின் ஒரு பிரதியை அந்தச் சங்கத்தின் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். அவர்களிடம் பெரும்பாலும் தங்கள் போராட்டத்தின் நல்ல படம் ஒன்றுகூட இருக்காது.